கூடையை இறக்கி ஒரு மூச்சு

(சங்கத்தின் மாதர் பிரிவு வட்டாரக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மாதர் பிரிவுத் தலைவி என்னைப் பேசக் கூப்பிட்டதும் சம்பளத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். சம்பளத்தைப் பற்றிப் பேச வேறு தோழர்கள் இருக்கிறார்கள். நான் இன்று மூச்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். எங்கள் தோட்டக் கமிட்டியில் இதை முதலில் சொன்னபோதும் எல்லோரும் சிரித்தார்கள். வயதான தலைவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் டீச்சர், முதுகு ஒடியுதுன்னு வர்ற பொம்பளைகிட்ட மூச்சு விடுன்னு சொல்றதுக்கா சந்தா புடிக்கிறோம்? இன்னைக்கு நீங்க சொல்வீங்க, நாளைக்கு தொரையும் இதையே சொல்வாரு" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் ஒன்றும் பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் பதிலுக்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் அம்மா 34 வருடம் கொழுந்து எடுத்தவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், பின்னேரம் அம்மா மலையிலிருந்து வந்து இஸ்தோப்பில் உட்காரும்போது ஒரு சத்தம் கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்று மூச்சை உள்ளே இழுப்பார். இழுத்த மூச்சை உடனே விடமாட்டார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்து வைத்திருப்பார். அந்தச் சத்தத்தை வைத்தே இன்று அம்மாவுக்கு இடுப்பா, தோளா என்று நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். நீங்களும் உங்களைக் கவனித்துப் பாருங்கள். அட்டை கடித்தாலும், முள் குத்தினாலும், சுடுதண்ணி பட்டாலும் முதலில் மூச்சை இழுத்துப் பிடிக்கிறோம். தோளை மேலே தூக்கிக்கொள்கிறோம். பல்லைக் கடிக்கிறோம். இது உடம்பு தானாகச் செய்கிற வேலை. ஒரு நொடி வலிக்கு அது சரி. நாள் முழுக்க நிற்கிற வலிக்கு அதுவே இரண்டாவது வலியாகிவிடுகிறது.

அது எப்படி என்று சொல்கிறேன். வலிக்கிற இடத்தைச் சுற்றியுள்ள தசை அந்த இடத்தைக் காப்பாற்ற இறுகுகிறது. இறுகிய தசைக்குள் இரத்தம் சரியாக ஓடாது. இரத்தம் ஓடாத தசை இன்னும் வலிக்கும். இன்னும் வலித்தால் இன்னும் இறுகும். கிணற்று உருளையில் கயிறு சிக்கிக்கொண்டால் இழுக்க இழுக்க இறுகுமே, அந்தக் கதைதான்.

நம் வேலையில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசைத் தட்டு இருக்கிறது. உதரவிதானம் என்று விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். மூச்சை உள்ளே இழுக்கும்போது அது கீழே இறங்க வேண்டும். அது இறங்கினால் வயிறு முன்னால் வரும். ஆனால் நீங்கள் படங்கை இடுப்பில் எப்படிக் கட்டுகிறீர்கள்? கயிற்றால் இறுக்கி இரண்டு சுற்று. செடி கிழிக்காமல் இருக்க அது வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வயிறு அசைய இடமில்லாமல் போனால் மூச்சு மேலே, நெஞ்சிலேயே நின்றுவிடும். நெஞ்சை மேலே தூக்கி மூச்சு இழுக்கிற வேலையைக் கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் செய்ய வேண்டும். அந்தக் கழுத்துதானே ஏற்கெனவே கூடைக் கயிற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது? பத்துக் கிலோ, பதினைந்து கிலோ ஈரக் கொழுந்தின் பாரமும் அதற்குத்தான், மூச்சு இழுக்கிற வேலையும் அதற்குத்தான். ஒரு ஆளை இரண்டு வேலைக்கு விட்டு ஒரு பேர் போடுகிற மாதிரி. பின்னேரம் பின்கழுத்திலிருந்து நெற்றிவரை இழுக்கிற தலைவலிக்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவைவரை மூச்சு விடுகிறோம். 15 என்று வைத்துக்கொண்டால் ஒரு மணித்தியாலத்துக்கு 900. ஏற்றத்தில் ஏறும்போது இன்னும் கூட. ஒவ்வொரு தடவையும் கழுத்து இழுபட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூச்சை மெதுவாக விட்டால் ஏன் உடம்பு தளர்கிறது என்று ஒரு அக்கா கேட்டார். மூளையிலிருந்து இறங்கி, கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போகிற ஒரு நீளமான நரம்பு உண்டு. வேகஸ் நரம்பு என்று பெயர். நெஞ்சுத் துடிப்பை அமைதிப்படுத்துகிற வேலை அதனுடையது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் குறையும். எட்டாம் வகுப்பில் பிள்ளைகளை மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். இளம் வயதில் அது நன்றாகத் தெரியும். ஒரு பையன், "டீச்சர், நான் ஊதுறப்போ நாடி தூங்கிப்போவுது" என்றான். புத்தகத்தில் அவ்வளவு நன்றாக எழுதவில்லை. ஆக, விடுகிற மூச்சு இழுக்கிற மூச்சைவிட நீளமாக இருக்க வேண்டும். இன்று நான் சொல்வதில் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கிடைத்த ஒரு சங்கதியைச் சொல்லியே ஆகவேண்டும். கமிட்டித் தலைவரின் கேள்விக்கு அதில் பாதிப் பதில் இருக்கிறது.

பிரசவ வலிக்கு மூச்சுப் பயிற்சி என்று இன்று உலகம் முழுவதும் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதில் அடிக்கடி அடிபடுகிற பெயர் லமாஸ். பெர்னாந் லமாஸ் என்ற பிரெஞ்சு மகப்பேற்று வைத்தியர். அவருக்கு முன்பே இங்கிலாந்தில் கிரான்ட்லி டிக்-ரீட் என்ற வைத்தியர், பயம் வந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும் என்று எழுதியிருந்தார். லமாஸ் 1951இல் சோவியத் நாட்டுக்குப் போனார். அங்கே பாவ்லோவின் வழிவந்த வைத்தியர்கள், தாய்மாருக்குப் பிரசவத்துக்கு முன்பே உடம்பைப் பற்றி விளக்கி, பயத்தைக் குறைத்து, மூச்சைப் பழக்கிப் பிரசவம் பார்ப்பதைக் கண்டார். திரும்பி வந்து அதைப் பாரிஸ் நகரத்தில் எந்த இடத்தில் தொடங்கினார் தெரியுமா? புளுவே என்ற மகப்பேற்று மனையில். அது உலோகத் தொழிலாளர் சங்கத்தின் வைத்திய நிலையம். இரும்பு உருக்குகிறவர்களும் மெஷின் ஓட்டுகிறவர்களும் சந்தா கட்டி வளர்த்த சங்கத்தினுடையது. பின்னாளில் பல நாடுகளில் வசதி படைத்தவர்கள் காசு கொடுத்துப் போகிற வகுப்பாக அது மாறியது. தொடங்கியது தொழிலாளர் மனைவிமாருக்கும் பெண் தொழிலாளருக்கும். சங்கம் மூச்சைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டால், எழுபது வருடத்துக்கு முன்பே ஒரு சங்கம் பேசியிருக்கிறது.

அதில் ஒரு குறையும் உண்டு. அதை அவர்கள் வலியில்லாத பிரசவம் என்று பெயர் வைத்துச் சொன்னார்கள். பெயர் அப்படி இருந்ததால், வலித்த பெண்கள் தாங்கள்தான் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்து வெட்கப்பட்டார்கள். அந்தத் தவறை நாம் செய்யக்கூடாது. மூச்சு வலியைக் கொஞ்சம் குறைக்கும், இறுக்கத்தை நன்றாகக் குறைக்கும். சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைய. முழு வலியும் போகும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பிரசவ வார்டில் கத்துகிற பெண்ணைத் திட்டுகிற இடங்கள் இருக்கின்றன. என் முதல் பிள்ளைக்கு எனக்கே அது நடந்தது. கத்துவதும் ஒரு மூச்சுதான். கத்தத் தோன்றினால் கத்துங்கள்.

சரி, இப்போது செய்து பார்ப்போம். பிள்ளை வைத்திருப்பவர்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கால் இரண்டும் தரையில் இருக்கட்டும். இடுப்பில் எது இறுக்கமாக இருந்தாலும் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒரு கையை வயிற்றில், தொப்புளுக்கு மேல் வையுங்கள். மற்றக் கை நெஞ்சில். கடித்திருக்கிற பல்லை விடுங்கள், நாக்கும் சும்மா கிடக்கட்டும். இப்போது மூக்கு வழியாக, மனசுக்குள் நாலு எண்ணும்வரை மெதுவாக இழுங்கள். வயிற்றுக் கை முன்னால் வரவேண்டும், நெஞ்சுக் கை அதிகம் அசையக்கூடாது. இனி விடவேண்டும். எப்படி விடுவது? உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. விடியக்காலை அடுப்பில் தணல் மட்டும் கிடக்கும்போது ஊதுகுழலை எடுத்து எப்படி ஊதுவீர்கள்? வேகமாக ஊதினால் சாம்பல் முகத்தில் அடிக்கும். உதட்டைக் குவித்து, தணல் சிவக்கிற அளவுக்கு மெதுவாக, நீளமாக. அந்த ஊதல்தான். ஆறு எண்ணும்வரை ஊதுங்கள். ஊதும்போது தோள் கீழே இறங்கட்டும்.

நாலும் ஆறும் பத்து. பத்து விநாடிக்கு ஒரு மூச்சு, நிமிஷத்துக்கு ஆறு. முதல் நாளே ஆறு வரவில்லை என்றால் மூன்று இழுத்து நாலு விடுங்கள். மூச்சைப் பிடித்து நிறுத்த வேண்டாம். அதுவும் பிரஷர் இருப்பவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் நிறுத்தவே வேண்டாம். தலை சுற்றினாலோ விரல் நுனி விறுவிறுத்தாலோ வேகமாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், சரியாகிவிடும்.

இதற்குச் சாமியும் இல்லை, மதமும் இல்லை. கோயிலுக்குப் போகிறவரும் செய்யலாம், சர்ச்சுக்குப் போகிறவரும் செய்யலாம். தலைகீழாக நிற்கவும் தேவையில்லை.

மலையில் எப்போது செய்வது? மட்டக் கம்பு போட்டு எடுக்கிற நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்க யார் விடப்போகிறார்கள்? கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிற நேரம் இருக்கிறது. நாளைக்கு மூன்று தடவை நிறுக்கிறார்கள். வரிசையில் நிற்கும்போது கூடையைத் தலையிலேயே தொங்கவிட்டுக்கொண்டு நிற்காதீர்கள். இறக்கி வையுங்கள். நமக்கு ஒரு பழக்கம், இறக்கி வைத்தால் முன்னால் இருப்பவர் போனதும் மறுபடி தூக்க வேண்டுமே என்று அப்படியே நிற்பது. இறக்கி, படங்கைத் தளர்த்தி, ஆறு மூச்சு. ஒரு நிமிஷம்தான். கணக்கப்பிள்ளை ஏதாவது கேட்டால், மூச்சு விடுகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு எந்தத் தோட்டத்திலும் தடை கிடையாது.

ஏற்றத்தில் ஏறும்போது நடையோடு சேர்க்கலாம். இரண்டு எட்டுக்கு இழுத்து மூன்று எட்டுக்கு விடுவது. பேசிக்கொண்டு ஏறுபவர்களுக்கு இது சரிவராது, நம்மில் பேசாமல் ஏறுபவர்கள் குறைவு, அது எனக்குத் தெரியும்.

தூக்குகிற வேலைக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும், இது ஆண்களுக்கும்தான். கொழுந்துச் சாக்கை லொறியில் ஏற்றும்போது பெரும்பாலானோர் மூச்சைக் கட்டிக்கொண்டு தூக்குகிறோம். அப்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தூக்குவதற்கு முன் இழுங்கள், தூக்கும்போது விடுங்கள். நம் தாத்தாமார் முள்ளு குத்தும்போதும் கான் வெட்டும்போதும் ஒவ்வொரு குத்துக்கும் "ஹூம்" என்று ஒரு சத்தம் போடுவார்கள். நாங்கள் பிள்ளைகளாக அதைப் பார்த்துக் கேலி செய்து நடித்துக் காட்டியிருக்கிறோம். மூச்சைக் கட்டாமல் வேலை செய்கிற வித்தை அது என்று இப்போதுதான் விளங்குகிறது.

இரவில் படுத்ததும் இன்னொன்று. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி வையுங்கள், இடுப்புக்கு ஆறுதலாக இருக்கும். கை விரல்களை இறுக்கி மூடி, மூச்சை விடும்போது திறந்து விடுங்கள். பிறகு தோளைக் காதுவரை தூக்கி, விடும்போது போட்டுவிடுங்கள். பிறகு பாதம். எங்கே இறுகியிருந்தது என்பது விட்ட பிறகுதான் தெரியும். பாதியில் தூங்கிப்போனால் நல்லது.

பின்னால் நிற்கும் அண்ணன்மாரே, நீங்கள் சிரிக்கவில்லை, அதனால் உங்களிடம் ஒரு வார்த்தை. "உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறேன்" என்று எத்தனை வீட்டில் சொல்கிறீர்கள்? வலி உண்மை என்று எனக்குத் தெரியும். கவ்வாத்துக் கத்தியைப் பிடித்த கை இரவில் மரத்துப்போவதை எங்கள் அப்பாவிடம் பார்த்தேன். சாராயம் அந்த வலியை நாலு மணித்தியாலம் மறைத்துவிட்டு, சம்பளத்தையும் கொண்டுபோய், காலையில் வலியைத் திருப்பித் தந்துவிடுகிறது. ஒரு வாரம் மட்டும் கடைக்குப் போவதற்கு முன் பத்து நிமிஷம் இதைச் செய்து பாருங்கள். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, செய்துவிட்டுப் போங்கள். வலி மாத்திரைக்கும் இதைத்தான் சொல்வேன். சில மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புண்ணாகும், நாட்கணக்கில் போட்டால் சிறுநீரகம் கெடும். டிஸ்பென்சரியில் கேட்டுப் போடுங்கள். வெற்றிலையோடு சேர்த்துக் கடையில் வாங்கிப் போடவேண்டாம்.

இனி, மூச்சுப் பயிற்சி செய்யக்கூடாத நேரங்கள். இதைக் கவனமாகக் கேளுங்கள். நெஞ்சை அழுத்துகிற மாதிரி வலித்து, கைக்கோ தாடைக்கோ இழுத்து, வியர்த்துக் கொட்டினால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்காதீர்கள். குளவி கொட்டி, முகம் வீங்கி, மூச்சு அடைத்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. இடுப்பு வலியோடு கால் மரத்து, சிறுநீர் அடக்க முடியாமல் போனால் அதுவும் அவசரம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்ட லொறிக்காகப் பங்களா வாசலில் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்னும் சிலர் காத்திருக்கிறார்கள். விறகு அடுப்புப் புகையில் நீண்டநாள் இருமல் உள்ளவர்களும் முதலில் வைத்தியரைப் பார்க்கவேண்டும். ஊதி ஊதி விடுகிற மூச்சு இளைப்புக்கு ஆறுதல் தரும், ஆனால் புகைக்கூண்டு இல்லாத காம்பராவுக்கு அது மருந்தாகாது.

இப்போது தலைவரின் கேள்விக்கு வருகிறேன். நாளைக்குத் துரையும் இதையே சொல்வாரே என்றார். சொல்லலாம். முதுகு வலி என்று போகிற பெண்ணிடம், மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு மலைக்குப் போ என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அதே இடத்தில் நிறுத்தவேண்டியது தோட்டத் தலைவரின் வேலை. இன்னும் இரண்டு கிலோ கூடுதலாக எடுப்பதற்காக நான் இதைச் சொல்லித்தரவில்லை. 2021இல் ஆயிரம் ரூபாவும் 2024இல் 1,350 ரூபாவும் எத்தனை கூட்டம், எத்தனை நாள் மறியலுக்குப் பிறகு வந்தன என்பது உங்களுக்குத் தெரியும். சம்பளம் ஏறியபோது கூடவே கிலோவையும் ஏற்றப் பார்த்தார்கள் என்பதும் தெரியும். அந்தக் கிலோ நம் கழுத்தில்தான் ஏறுகிறது. அதை மூச்சால் இறக்க முடியாது.

ஆனால் மூச்சைக் கவனிக்கத் தொடங்கியபோது ஒன்று நடந்தது. நான் எதிர்பார்க்காதது. இதுவரை எங்கே வலிக்கிறது என்று கேட்டால் "ஒடம்பெல்லாம் வலிக்குது டீச்சர்" என்றுதான் சொல்வார்கள். ஆறு மூச்சு விட்டு, உடம்பைக் கொஞ்சம் அமைதியாகப் பார்த்தபிறகு, இடது தோளில் கயிறு இழுக்கிற இடம், வலது முழங்கால் இறங்கும்போது மட்டும், இரண்டாவது நிறுவைக்குப் பிறகுதான் தலைவலி என்று சொல்லத் தொடங்கினார்கள். அதற்காக ஆளுக்கொரு கொப்பி கொடுத்தேன். தேதி, எந்த மலை, எங்கே வலி, எப்போது தொடங்கியது. எழுதத் தெரியாதவர்களுக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதினார்கள். தன் அம்மாவின் வலியைத் தேதி போட்டு எழுதிய ஒரு பெண்பிள்ளை, அடுத்த நாள் வகுப்பில் யாரோடும் பேசவில்லை.

கொப்பிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது ஒரே மலையின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பள்ளத்தில் இருக்கிற மலை. நிறை கொழுந்தோடு மேலே ரோட்டுக்கு ஏறிவந்துதான் நிறுக்கவேண்டும், வந்து வெயிலிலும் மழையிலும் நிற்கவேண்டும். உடம்பெல்லாம் வலிக்கிறது என்றால் ஆபீசில் சிரிப்பார்கள். தேதியும் மலையின் பெயரும் போட்ட கொப்பியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மூன்று கோரிக்கை வைத்தோம். நிறுக்கிற இடம் பள்ளத்துக்கே வரவேண்டும், அங்கே கூரையும் பெஞ்சும் வேண்டும், தராசில் கழிப்பதை நிறுத்தவேண்டும். தகரக் கூரை போட்டு இரண்டு பெஞ்சு வந்திருக்கிறது. நிறுக்கிற இடம் பாதி வழிவரை இறங்கியிருக்கிறது. கழிப்பது இன்னும் நிற்கவில்லை.

கோபப்பட்ட அந்தத் தலைவர் இன்றுவரை ஒரு மூச்சுப் பயிற்சியும் செய்யவில்லை. "எனக்கு வெத்தலை போதும்" என்கிறார். ஆனால் அன்று அந்தக் கொப்பிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீசுக்கு முன்னால் நடந்தவர் அவர்தான்.

கொப்பிகள் அந்த மேசையில் இருக்கின்றன. தோட்டத்துக்கு இருபது வீதம் எடுத்துப் போங்கள். முதல் பக்கத்தில் பெயர் எழுத வேண்டாம், மலையின் பெயரை எழுதினால் போதும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அவற்றைக் கொண்டுவாருங்கள். தேத்தண்ணி வந்துவிட்டது என்று தலைவி கைகாட்டுகிறார். எழும்புவதற்கு முன் இன்னும் ஒரு தடவை, நாலுக்கு இழுத்து, ஆறுக்கு ஊதிவிட்டு எழும்புவோம்.